ஒன்பதும் பத்தும் பதினொன்றும்

வரதய்யபாளையத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இருந்துகொண்டு லைஃப் சயின்ஸ் நெட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் ஆதார் அட்டையை நகலெடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மெஷின் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன தாள் ஒன்று கிடந்தது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டம், பதின்மூன்று யூனிட்டும் ஒரே பக்கத்தில். ஒன்று முதல் எட்டு வரை பச்சை மையில் டிக். ஒன்பது (உயிரினப் பன்மை), பத்து (சூழலியல்), பதினொன்று (பரிணாமமும் நடத்தையும்) மூன்றின் மேலும் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் ‘ஸ்கிப்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தது. யார் கையெழுத்து என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். தாளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலங்கியல் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். நம் சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திராவுக்கு மாறியது. 2022 ஏப்ரல் 4-ல் சித்தூர் மாவட்டம் போய்த் திருப்பதி மாவட்டம் வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரிதான் மாறிக்கொண்டே போகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ் என்று மூன்று படி ஏறி வந்தவர்கள் நீங்கள். அதனால் மூன்று யூனிட்டைக் கோடு போட்டு விட்டுவிடும் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை.

முதலில் அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பார்ட் ஏ-யில் 20 கேள்விக்கு 15 எழுதினால் போதும், ஒன்றுக்கு இரண்டு மார்க். பார்ட் பி-யில் 50-க்கு 35, அதுவும் இரண்டிரண்டு. பார்ட் சி-யில் 75 கேள்வி கொடுத்து 25 மட்டும் எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் நாலு மார்க். ஆக, 145 கேள்வியில் 75 எழுதினால் தாள் முடிந்தது. பார்ட் சி-யை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 75 கேள்வியைப் பதின்மூன்று யூனிட்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு யூனிட்டுக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. அசல் தாளில் அப்படிச் சமமாக வராது, கூடக்குறைய இருக்கும். ஆனாலும் ஐந்து யூனிட்டைக் கரைத்துக் குடித்தவனுக்கு 25 கேள்வி தேறிவிடும். தாளின் பாதி மார்க் பார்ட் சி-யில் இருக்கிறது. கோச்சிங் சென்டர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் பிழைக்கின்றன. கணக்கில் தப்பு இல்லை.

மூன்று யூனிட்டை அடியோடு விட்டுவிட்டு ஜே.ஆர்.எஃப். வாங்கிய பெண் ஒருத்தி நம் பக்கத்திலேயே இருக்கிறாள். நல்ல ரேங்க். பிஎச்.டி. நேர்முகத்துக்கு ஓரிடத்துக்குப் போனபோது, குழுவில் இருந்த ஒருவர் விண்ணப்பத்தில் சொந்த ஊரைப் பார்த்துவிட்டு, “பழவேற்காட்டுப் பக்கமா? அந்த ஏரியில் உப்பு ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது?” என்று கேட்டிருக்கிறார். இவள் புரதம் மடிவதைப் பற்றி மூச்சு விடாமல் பேசத் தயாராகப் போனவள். வாய் திறக்கவில்லை. அங்கே கிடைக்கவில்லை, வேறோரிடத்தில் கிடைத்தது, இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். யூனிட்டை விட்டவர்கள் எல்லாம் கெட்டுப்போனார்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் அந்த நேர்முகத்தை என்னிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றி உப்பு ஏறுகிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல்நீரும் உள்ளே வராது. அவளுடைய தாத்தா இதைச் சொல்லியிருப்பார்.

இந்தத் தேர்வு எப்போதும் இப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. 2011 ஜூனுக்கு முன்பு இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாளில் கொடுத்த விடைகளிலிருந்து தேர்வு செய்ய வேண்டும். இரண்டாவது தாளில் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும், படம் வரைய வேண்டும். அதைத் திருத்துவது பெரும்பாடு. அப்புறம் ஒரே தாளாக்கி, எல்லாவற்றையும் நாலு விடைகளுக்குள் அடைத்தார்கள். 2019 டிசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமை கணினியில் நடத்துகிறது. வடிவம் மாறினாலும் உள்ளே இருந்த எண்ணம் மாறவில்லை. உயிரியலில் ஆராய்ச்சிக்கு வருகிறவனுக்கு மூலக்கூறிலிருந்து காடு வரைக்கும் ஒரு குறைந்தபட்சத் தெளிவு வேண்டும் என்பதுதான் அது. அமெரிக்காவில் ஜி.ஆர்.இ. பயாலஜி என்று ஒரு தேர்வு இருந்தது. செல்லும் மூலக்கூறும் ஒரு பங்கு, உடலும் உறுப்பும் ஒரு பங்கு, சூழலும் பரிணாமமும் ஒரு பங்கு என்று மூன்று சமக் கூறாகப் பிரித்திருந்தார்கள். மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் வரும். எதை விட்டாய் என்பது மதிப்பெண் பட்டியலிலேயே தெரிந்துவிடும். 2021-ல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அந்த மாதிரி அகலத்தை அளக்கிற தேர்வு இனி நமக்கு நெட்தான், அதிலும் ஜன்னலைத் திறந்துவைத்து ‘வேண்டாததை வெளியே போட்டுக்கொள்’ என்கிறார்கள். தாள் வைப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நான் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்.

சரி, ஒரு பூநாரையை எடுத்துக்கொள்வோம்.

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே கடக்கிறது. தை மாதத்தில் அந்தச் சாலையில் நின்றால் இரண்டு பக்கமும் பூநாரை. உங்களில் பலர் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அது ஏன் இளஞ்சிவப்பு? அதுவாக அந்த நிறத்தைத் தயாரிப்பதில்லை. பாசியிலும் உவர்நீரில் வாழும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கும் கரோட்டினாய்டை உண்டு, கல்லீரலில் மாற்றி, இறகில் சேர்க்கிறது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கரோட்டினாய்டு என்றால் முதல் யூனிட். தாவரத்தில் அது ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்றால் ஆறாவது யூனிட். இவ்வளவு உப்புத் தண்ணீரில் நின்று தின்கிற பறவை உப்பை எப்படி வெளியேற்றுகிறது? சிறுநீரகம் மட்டும் போதாது, மூக்கருகே உப்புச் சுரப்பி இருக்கிறது. இது ஏழாவது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டி உண்கிறது, அதற்கேற்ற அலகு எப்படி உருவானது என்பது பதினொன்று. தாயும் தகப்பனும் இரண்டு பேருமே தொண்டைப்பையில் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அந்தப் பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின், நம் தாய்மார்களின் உடம்பில் வேலை செய்யும் அதே ஹார்மோன். அதன் ஏற்பி செல்லுக்குள் சேதியை எப்படிக் கடத்துகிறது என்று கேட்டால் நான்காவது யூனிட்டில் நிற்கிறோம். இந்தியாவில் அவை கூட்டமாகக் கூடு கட்டுவது கட்ச் ராணில். ஏன் அங்கே கட்டிவிட்டு இங்கே வந்து தின்கின்றன என்றால் பத்தாவது.

தேர்வுத் திரையில் கேள்வி வரும்போது அதன் நெற்றியில் யூனிட் எண் ஒட்டியிருக்காது. புரோலாக்டின் ஏற்பி என்று பச்சை டிக் போட்ட இடத்தில் நீங்கள் காத்திருக்க, கேள்வி பூநாரை மேல் ஏறி வரும். பார்ட் சி-யின் குணமே அதுதான். தகவல் தெரியுமா என்று பார்ப்பது பார்ட் பி. இரண்டு தகவலைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை நீயே கண்டுபிடிப்பாயா என்று பார்ப்பது பார்ட் சி.

நானே ஒரு கேள்வி வைக்கிறேன். ஏரியின் ஒரு மூலையில் 60 சேற்று நண்டுகளைப் பிடித்து, ஓட்டின் மேல் பெயின்ட் புள்ளி வைத்து விட்டுவிடுகிறோம். சில வாரம் கழித்து 50 நண்டு பிடிக்கிறோம், அதில் 12-இன் மேல் புள்ளி இருக்கிறது. மொத்தம் எத்தனை நண்டு? 60-ஐ 50-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 250. இதை எட்டாம் வகுப்புப் பையனும் போட்டுவிடுவான். பார்ட் சி இங்கே நிற்காது. ‘இந்த இடைவெளியில் சில நண்டுகள் ஓடு கழற்றியிருந்தால், உண்மையான எண்ணிக்கை 250-ஐ விடக் கூடுதலா, குறைவா?’ என்று கேட்கும். ஓட்டோடு சேர்ந்து புள்ளியும் போய்விடுகிறது. முன்பே பிடித்த நண்டு புதுசு மாதிரி கைக்கு வருகிறது. 12 என்று எண்ணியது உண்மையில் 15 ஆக இருந்திருக்கலாம். அப்படியானால் மொத்தம் 200-தான். நம் கணக்கு கூடுதலாகக் காட்டிவிட்டது. இதற்கு நண்டின் உடலியங்கியலும் தெரிய வேண்டும், எண்ணிக்கை எடுக்கும் முறையும் தெரிய வேண்டும். ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளை நண்டு ஓடு கழற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கும். டெல்லியில் ஏசி அறையில் படித்தவனுக்கு இல்லாத சாதகம் இது, இதைத்தான் சிவப்பு மையால் அடித்து வைத்திருக்கிறோம்.

நேலப்பட்டுக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் ஏரி. பறவைகள் வேறெங்கோ போய் மீனைத் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சமிடுகின்றன. அந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏரித் தண்ணீரில் கரைந்து வயலுக்குப் பாய்கின்றன. வேடந்தாங்கலில் இதே கதைதான். பறவையைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தார். உரத் தண்ணீரின் அருமை சம்சாரிக்குத் தெரிந்திருந்தது. ஒரு சூழலமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஊட்டச்சத்து கைமாறுவதைப் பத்தாவது யூனிட் அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டுப் போகும். அந்த அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்வதுதான் கஷ்டம். நேலப்பட்டில் ஒரு நாள் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவனுக்கு மறக்காது.

திருமலைக்கு நடந்து ஏறியிருப்பீர்கள், வேண்டுதலுக்கு. அந்த மலைத்தொடரிலும் அதை ஒட்டிய கடப்பை மலைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சைகஸ் ஒன்று உண்டு. சைகஸ் பெட்டோமி. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், அது இருக்கிறது. ஒன்பதாவது யூனிட்டில் ஜிம்னோஸ்பெர்ம் என்று ஒரு வரி வரும். சைகஸின் ஆணணு நீந்தும். விதைத் தாவரமாகிவிட்ட பிறகும் பாசி, பெரணி காலத்து வழக்கத்தை விடாமல், கசையிழைகளோடு நீந்திக் கருமுட்டைக்குப் போகும். அதன் பவள வேரில் நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். நம் வயல்களில் போடுகிற வேர்க்கடலையும் நைட்ரஜன் பிடிக்கிறது, ஆனால் அங்கே வேரில் குடியிருப்பது வேறு பாக்டீரியா. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவீர்கள்.

இதற்கு நேர் எதிராகச் செய்கிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். தாவரவியல், விலங்கியல் படித்துவிட்டு, உயிர்வேதியியல் என்றாலே பயந்து முதல் யூனிட்டை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று. ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உங்களை மிரட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து உலகத்துக்குப் போனது. சூளூர்ப்பேட்டை ரயிலில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கிப் பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம், எந்தக் கோணத்தில் மடிந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அதைப் போட்டபோது இன்றைய கம்ப்யூட்டர்கள் கிடையாது. பந்தும் குச்சியும் வைத்து ஒரு முறை செய்து பாருங்கள், கிளைசின் ஏன் எங்கே வேண்டுமானாலும் போகிறது, புரோலின் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது கைக்குத் தெரியும்.

மொழியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் வருகிறது. தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. எம்.எஸ்சி.யே இங்கிலீஷில்தானே படித்தீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். படித்தது வேறு, மூன்று மணி நேரத்துக்குள் நாலு கூற்றுகளைப் படித்து ‘ஏ-யும் சி-யும் மட்டும் சரி’ என்று முடிவு செய்வது வேறு. பார்ட் சி-யில் ஒரு கேள்வியே சில சமயம் அரைத் திரைக்கு ஓடும். இந்தியில் யோசிக்கிறவனுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே இந்தி இருக்கிறது. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அதே இங்கிலீஷை மறுபடி படிக்க வேண்டும். அறிவைச் சோதிக்கிறோம் என்கிற தாள் வாசிக்கும் வேகத்தையும் சேர்த்துச் சோதிக்கிறது. இது மாறும் வரை, அல்லது மாறாமலே போனாலும், ஒரு வழி சொல்கிறேன். ஒரு கருத்தை முதலில் தமிழிலோ தெலுங்கிலோ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் புரிந்திருக்கிறது என்று பொருள். சொல்ல வராமல் இங்கிலீஷ் வாக்கியம் மட்டும் அப்படியே வாயில் வந்தால், அது புரியவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2024 ஜூன் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 25-ஆம் தேதி தொடங்க வேண்டிய தேர்வை 21-ஆம் தேதி தள்ளிவைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான், நடந்து முடிந்த யு.ஜி.சி. நெட் தேர்வையே ரத்து செய்திருந்தார்கள். ஜூலை 25 முதல் 27 வரை எழுதினீர்கள். ஸ்ரீசிட்டியில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படித்த பையன் ஒருவன், லீவு கேட்டு வாங்கியிருந்தது வீணாகி, மறுபடி கேட்க முடியாமல் தவித்ததை நேரில் பார்த்தேன். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்பது அவன் வீட்டில் சும்மா ஓர் எண் இல்லை. அதனால்தான் ‘எதை விடலாம்’ என்ற கேள்வியோடு நீங்கள் தொடங்குவதைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. நேரம் இல்லாதவன்தான் சுருக்கு வழி தேடுவான்.

நேரம் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பலமான ஐந்து யூனிட்டை ஆழமாகப் படியுங்கள், கோச்சிங்காரர் சொல்வது போலவே. மீதி எட்டிலும் அடிப்படையை மட்டும், பார்ட் பி அளவுக்கு, ஒரு முறை தொட்டுவிடுங்கள். இதில் மார்க் கணக்கும் உண்டு. தப்பு விடைக்குக் கால் பங்கு கழிப்பார்கள், பார்ட் சி-யில் ஒரு மார்க். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நாலில் ஒன்று சரியாகும் என்று வைத்தால், சராசரியாகக் கால் மார்க்தான் மிஞ்சும். நாலு விடையில் ஒன்று கண்டிப்பாகத் தப்பு என்று தெரிந்து அதை ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு மார்க். இரண்டை ஒதுக்க முடிந்தால் ஒன்றரை. முழு விடை தெரியாவிட்டாலும், ‘பூநாரைக் குஞ்சு பிறக்கும்போதே சிவப்பு’ என்ற கூற்றைப் பார்த்ததும் அடிக்கத் தெரிந்தால் அதற்குக் கூலி உண்டு. பழைய தாள்களைப் போட்டுப் பார்க்கும்போது விட்ட கேள்விகளையும் எடுத்து, எந்தக் கூற்றையாவது அடிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு வரதய்யபாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அட்டகானிதிப்பா வரை போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். டிபன் அவரவர் கட்டிக்கொண்டு வாருங்கள். மெட்டீரியல் கொண்டுவர வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அந்தச் சிவப்புக் கோட்டுத் தாளையும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். உரியவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், யார் என்று விசாரிக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய விலங்கியல் வாத்தியார்